அம்மை வீட்டு ஆவக்காய்

காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் காலையில், நூகாலுவின் நெற்றியில் முதல் முத்தைப் பார்த்தாள் ரத்தினம்மா. கொசுக்கடியாக இருக்கும் என்று ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். அது போகவில்லை. மூக்கின் ஓரத்தில் இன்னொன்று இருந்தது. கீழுதட்டைப் பிதுக்கினால் உள்ளே மூன்று. சட்டையைத் தூக்கிப் பார்க்க அவளுக்குக் கை வரவில்லை.

வெளியே இராமசாமி வண்டி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். "ஏமய்யா" என்று கூப்பிட்டாள். பக்கத்து அறைக்குக் கேட்டிருக்குமோ என்று தோன்றியது. மறுபடி கூப்பிடப் பயந்து, கதவோரம் போய்க் கையை மட்டும் ஆட்டினாள்.

அவன் வந்து குனிந்து பார்த்தான். குழந்தை கண்ணை மூடியபடி வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஆறு வயசு. உடம்பில் கை வைத்தால் அடுப்புக் கல் மாதிரி சுட்டது.

"வேர்க்குரு" என்றான்.

"வேர்க்குரு வாய்க்குள்ளயா வரும்?"

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். பட்டப்பகலில் அந்த லயத்தில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. அது நினைவுக்கு வந்து பாதி திறந்தான். திறந்ததும் மனசு கேட்கவில்லை. ஒரு சாக்கைக் கொண்டுவந்து குறுக்கே தொங்கவிட்டான்.

சிராங்கூன் ரோட்டுக்கு மேற்கே, சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் எருமைக் கொட்டில்களுக்கும் நடுவே இருந்தது அந்த லயம். பத்து அறைகள், ஒரே கூரை, நடுவில் பலகைத் தடுப்பு. ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். பெரிய ரோட்டில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இராமசாமி காளவாயிலிருந்து சுண்ணாம்பு ஏற்றும் மாட்டுவண்டிக்காரன். விசாகப்பட்டினத்துக் கரையிலிருந்து புருஷனும் பெண்சாதியுமாகக் கப்பலேறி வந்து ஒன்பது வருஷம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ் என்று பழகியிருந்தார்கள். அன்றைக்கு இருந்த பதற்றத்தில் இரண்டும் கலந்தே வந்தன.

"அப்பலசாமி பெண்சாதியை நெனச்சுப் பாரு" என்று கிசுகிசுத்தான் இராமசாமி.

அவன் சொல்லித்தான் நினைக்க வேண்டும் என்றில்லை. கடைசி அறையில் இருந்த அப்பலசாமியின் மனைவிக்கு முந்தின வருஷம் அம்மை இறங்கியது. யாரோ சொல்லி, முனிசிபாலிட்டி அம்மைக் கொட்டகையின் மூடுவண்டி வந்தது. அவளைப் பாயோடு தூக்கிப் போனார்கள். அறையில் இருந்த துணிமணி, பாய், தலையணை, அரிசிப்பானை எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். அப்பலசாமியை, அம்மை வீட்டாரைத் தனியே அடைத்துவைக்கும் தீவுக்கு அனுப்பினார்கள். அவன் திரும்பி வந்தபோது பெண்சாதி இல்லை. எங்கே புதைத்தார்கள் என்று சொல்லக்கூட ஆள் கிடைக்கவில்லை. ஒரு மாதம் கொட்டகைக்கும் காளவாய்க்கும் நடந்தான். பிறகு ஒருநாள் வேலைக்குப் போனவன் லயத்துக்கு வரவேயில்லை.

"யாருக்கும் தெரியக் கூடாது. பத்து நாள் தாங்கினா முத்து உதிர்ந்துடும். அம்மவாரு தானா வந்தா, தானா போவா. நம்ம பிள்ளை நம்மகிட்டயே இருக்கும்" என்றான்.

"இதுக்கு ஊசி குத்தலையே" என்றாள் ரத்தினம்மா.

குத்தவில்லைதான். மூத்தது ஒரு பையன். அவனுக்குக் குத்திய பதினைந்தாம் நாள் ஜன்னி கண்டு போய்விட்டான். குத்தியதால் போனானா, அவன் விதி அதுதானா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அதற்குப் பிறகு ஊசிக்காரர்கள் லயத்துக்கு வந்த இரண்டு தடவையும், நூகாலுவை வைக்கோல் வண்டிக்குள் படுக்கவைத்துக் காளவாய்ப் பக்கம் ஓட்டிப் போய்விட்டான் இராமசாமி. ஊர் அம்மனின் பெயரைத்தான் குழந்தைக்கு வைத்திருந்தார்கள். அம்மனே அம்மனைத் தீண்டமாட்டாள் என்று ரத்தினம்மா அப்போது நம்பினாள்.

அவன் வண்டியைக் கட்டிக்கொண்டு போன பிறகு, காளவாய்க்குப் பின்னால் இருந்த வேம்பிலிருந்து நாலு கொத்து ஒடித்து, முந்தானைக்குள் மறைத்து எடுத்துவந்தாள். பாயைச் சுற்றிப் பரப்பினாள். இலையையும் மஞ்சளையும் அரைத்துக் குழந்தையின் உடம்பில் பூசினாள். அப்போதுதான் வாசலில் மாட்டுவண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சாக்கை விலக்கிப் பார்த்தாள்.

மூடுவண்டி இல்லை. கேலாங் பக்கத்து மலாய்க்காரர், மாங்காய் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்.

அவள் மறந்தே போயிருந்தாள்.

வருஷா வருஷம் அவள் போடும் ஆவக்காய் அந்த லயம் முழுவதற்கும் போகும். முதல் வருஷம் அவள் கடுகை வறுக்காமல் பச்சையாக இடித்து, மிளகாய்ப்பொடிக்குச் சரிசமமாகக் கொட்டியதைப் பார்த்துத் தமிழ்ப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். வயிறு வெந்துவிடும் என்றார்கள். ஒரு மாதம் கழித்து அவர்களே கிண்ணத்தோடு வந்தார்கள். மறு வருஷத்திலிருந்து ஆளுக்கு ஒரு ஜாடி. காய்க்கும் எண்ணெய்க்கும் எல்லாரும் பங்கு போடுவார்கள். முனைக் கடை முகைதீன் காய்க்கு ஆள் சொல்லிவிடுவார். முற்றத்தில் வைத்து ரத்தினம்மா கலந்து தருவாள்.

அவள் வீட்டில் அது தொட்டுக்கொள்ளும் பண்டம் மட்டும் இல்லை. இராமசாமி விடியற்காலையில் வண்டி ஓட்டப் போகும்போது கட்டிக்கொண்டு போவது பழையதும் ஒரு ஆவக்காய்த் துண்டும். கொட்டை ஓடு வெளுக்கும்வரை மத்தியானம் பூரா வாயில் ஒதுக்கிச் சப்பிக்கொண்டே மாட்டை ஓட்டுவான். நூகாலு பால் மறந்ததே, தண்ணீரில் அலசிய துண்டு ஒன்றைச் சோற்றில் பிசைந்து கொடுத்துத்தான். மூத்த பையன் போனபோது பதினோரு நாள் ஜாடிப் பக்கமே யாரும் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் இராமசாமியே ஜாடியின் துணிக்கட்டை அவிழ்த்து, ஒரு துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தான். இனிமேல் சாப்பிட வேண்டும், இருக்க வேண்டும் என்பது அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.

இப்போது மூட்டை வாசலில் கிடந்தது. காம்பில் பால் காயாத காய். இரண்டு நாள் விட்டால் உள்ளே மஞ்சள் ஓடிவிடும். பிறகு ஆவக்காய்க்கு ஆகாது.

"ஏ ரத்தினம், காய் வந்து எறங்கிக் கெடக்கு, உள்ள என்னடி பண்றே?"

பக்கத்து அறைப் பூவம்மா. புருஷன் மருதப்பன் முனிசிபாலிட்டியில் சாக்கடைக் கூலிகளுக்குக் கங்காணி. சுகாதாரத் துரை லயத்தைப் பார்க்க வரும்போதெல்லாம் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறவன். ரத்தினம்மா சாக்கை நீக்கி வெளியே வந்து, சாக்குக்கு முன்னாலேயே நின்றுகொண்டாள்.

"எங்க உம் மவ? ரெண்டு நாளா குழாயடியில காணோமே."

"சளிதான்க்கா. மார்ல கட்டியிருக்கு. படுத்திருக்கா."

"சளியா?" பூவம்மா ஒரு மாங்காயை எடுத்து மோந்தாள். "உன் வீட்ல கடுகு வெடிக்கிற சத்தமே கேக்கலையேன்னு பாத்தேன். எங்க வீட்டுக்காரரு கூட சொன்னாரு, என்ன, பக்கத்து வீட்ல நெடியே வரல, புருஷன் பொஞ்சாதி சண்டையான்னு."

"அவருக்கு வயிறு சரியில்ல. கஞ்சிதான் வெச்சேன்."

"வேப்பிலை வாசம் அடிக்குதே."

"மாட்டுக்குக் கழுத்துல புண்ணு. அரைச்சுப் போட்டாரு."

பூவம்மா அவள் முகத்தையே பார்த்தாள். உள்ளே குழந்தை முனகிவிடக் கூடாதே என்று ரத்தினம்மா வேண்டிக்கொண்டாள்.

"அப்ப எப்ப போடப் போறே?" என்றாள் பூவம்மா. "வியாழக்கிழம துரை லயம் பாக்க வர்றாராம். அதுக்குள்ள முத்தத்தச் சுத்தமா வெக்கணும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு."

"நாளைக்கே போட்டுடறேன்க்கா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அம்மை இறங்கிய வீட்டில் தாளிக்கக் கூடாது. வறுக்கக் கூடாது. மிளகாயும் கடுகும் அடுப்புப் பக்கமே வரக் கூடாது. நெடி பட்டால் அம்மவாரு கோபம் கொண்டு குழந்தையின் கண்ணைப் பிடுங்கிக்கொள்வாள். இது தெலுங்கருக்கும் தெரியும், தமிழருக்கும் தெரியும். லயத்தில் அது தெரியாத பெண்பிள்ளை கிடையாது.

மத்தியானம் வீடு வந்த இராமசாமியிடம் காதோடு சொன்னபோது, அவன் வாயில் வைத்த கஞ்சியை விழுங்காமல் கேட்டான்.

"நல்லதாப் போச்சு" என்றான்.

"என்ன நல்லது?"

"யோசிச்சுப் பாரு. ஆவக்காய் போடற வீட்ல அம்மை இருக்கும்னு எவளாவது நெனப்பாளா? முத்தத்துல ஒக்காந்து மொளகா இடி. கடுகு இடி. எல்லாருமா பாக்கட்டும். அப்புறம் ஒரு வாய் பேசாது."

"உனக்குப் பைத்தியமா? உள்ள அவ இப்படிக் கெடக்கறப்ப நான் மொளகா இடிக்கறதா? நெடி போய் அவ கண்ணுல…"

"போடலேன்னா என்ன ஆகும் சொல்லு. காய் பழுக்கும். பூவம்மா கேப்பா. அடுத்தவ கேப்பா. வியாழக்கிழம துரை சாக்கைத் தூக்கிப் பாப்பான்." அவன் குரலை இன்னும் தாழ்த்தினான். "அம்மவாரு கோபம் வந்தா கண்ணு போகும்னுதான சொல்றே? வண்டி வந்தா பிள்ளையே போயிடும்."

புருஷன் அழுது அவள் பார்த்தது பையன் போனபோதுதான். இப்போது கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மறுநாள் பொழுது விடிந்ததும் தலைக்குக் குளித்தாள். ஈரம் போகத் துவட்டினாள். ஆவக்காய் போடுகிறவள் கையில் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. மனசில் துக்கமும் வாயில் பொய்யும் இருக்கக் கூடாது என்று அவள் பிறந்த வீட்டில் சொல்வார்கள். ஈரத்தை மட்டும்தான் அவளால் துடைக்க முடிந்தது. குழந்தையின் முகத்தில் இப்போது விரல் வைக்க இடம் இல்லை. இமைகூட வீங்கியிருந்தது. ஒரு துணியை நனைத்துக் கண்களின் மேல் போட்டாள். பலகை இடுக்குகளில் கந்தலைச் செருகினாள். சாக்கின் மேல் தன் இன்னொரு புடவையையும் தொங்கவிட்டாள்.

"தல்லி, தாயே, என்னை மன்னிச்சுடு" என்று பாயின் காலடியில் விழுந்து கும்பிட்டாள். "நெடிய என் கண்ணுல போடு. குழந்தை கண்ணுல போட்டுடாதே."

முற்றத்தில் உரலைப் போட்டார்கள். வைகாசி வெயில், காற்றே இல்லை. காளவாய்ப் புகை லயத்துக் கூரைமேல் அப்படியே நின்றது. ஒவ்வொருத்தியாகத் தன் ஜாடியைக் கவிழ்த்து வெயிலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இராமசாமி பலகையில் பொருத்திய பெரிய கத்தியை வைத்துக் காயைக் கொட்டை ஓட்டோடு இரண்டாகவும் நாலாகவும் பிளந்தான். உள்ளே இருக்கும் பருப்பையும் மெல்லிய தோலையும் பூவம்மா நீக்கினாள். துண்டுகளை உலர்ந்த துணியால் துடைத்துத் துடைத்துக் குவித்தாள். மற்ற வருஷங்களில் அவன் காயை வெட்டும் வேகத்தைப் பார்க்கவே குழந்தைகள் சுற்றி நிற்கும். அன்றைக்கு இரண்டு தடவை கத்தி வழுக்கியது.

"என்னண்ணே, கத்தி வழுக்குது? ராத்திரி கள்ளு கொஞ்சம் கூடிப்போச்சோ?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை ரத்தினம்மாவால் பார்க்க முடியவில்லை.

உலக்கையை எடுத்தாள். முதலில் மிளகாய். நாலு குத்துக்கே நெடி எழும்பியது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவள் பொத்தவில்லை. கண்ணில் நீர் கொட்ட, அப்படியே இடித்தாள். தன் கண் எரிய எரியக் குழந்தையின் கண்ணுக்கு அது குறையும் என்று ஒரு கணக்கு.

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. சின்ன இருமல், அதன்பின் இழுத்து இழுத்து ஒன்று.

ரத்தினம்மா ஓங்கி இடித்தாள். உலக்கைச் சத்தத்தில் இருமல் அமுங்கியது. கை ஓய்ந்தபோது மறுபடி கேட்டது. கூடவே, "அம்மா, கண்ணு எரியுதும்மா" என்றது, தெலுங்கில். லயத்தில் அந்த வார்த்தை புரிந்தவர்கள் இரண்டு பேர். வெட்டிய காய் கையிலிருக்க இராமசாமி அவளைப் பார்த்தான். அவள் இன்னும் ஓங்கி இடித்தாள். கடுகைக் கொட்டினாள். அதையும் இடித்தாள். உள்ளங்கையில் கொப்புளம் கண்டு உடைந்தது.

"பாவம், புள்ளைக்குச் சளியில இந்த நெடி வேற" என்றாள் பூவம்மா தலை நிமிராமல்.

உப்பு, கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி. மூன்றையும் அகன்ற மண்சட்டியில் அளந்து கொட்டிக் கலந்தாள். கொஞ்சம் வெந்தயம், மஞ்சள். காய்த் துண்டுகளை நல்லெண்ணெயில் முக்கி எடுத்துப் பொடியில் புரட்டினாள். சிவந்து சிவந்து துண்டுகள் ஜாடிகளில் போய் விழுந்தன. மேலே எண்ணெய் ஊற்றினாள். ஒரு ஜாடி, இரண்டு, ஐந்து. எல்லாம் முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சட்டியின் அடியிலும் சுற்றிலும் எண்ணெயும் காரமும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்காகத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள். கடைசியில் அந்தச் சட்டியில் சுடுசோற்றைக் கொட்டிப் பிசைந்து, லயத்தில் இருக்கும் ஒவ்வொருத்தர் கையிலும் ரத்தினம்மா ஒரு உருண்டை வைப்பாள். சாதி கேட்காமல், மதம் கேட்காமல் வரிசையாகக் கை நீளும். பூவம்மா சோற்றுப் பானையைக் கொண்டுவந்து கொட்டினாள். ஆவி பறந்தது.

அப்போதுதான் ருக்கையா வந்தாள். முகைதீனின் மனைவி. தகப்பன் நாகூர், தாய் மலாய்க்காரி. இங்கேயே பிறந்தவள்; பேச்சில் 'லா' என்று மலாய் ஒட்டிக்கொண்டு வரும். இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை, கையைப் பிடித்தபடி நாலு வயசு ஆயிஷா.

"அக்கா, எங்களுக்கு வெக்காம முடிச்சிராதீங்க லா. இவ காலையிலேர்ந்து ஒரே அழுகை, உங்க கையால உருண்டை வேணுமாம். நூகாலு எங்க? அவகூட உக்காந்துதான் திம்பாளாம்."

"தூங்கறா."

"காசியான், பாவம். நான் போய்ப் பாக்கவா?"

"வேணாம்!" குரல் தேவைக்கு மேல் ஓங்கிவிட்டது. "சளி. உன் கைக்குழந்தைக்கு ஒட்டிக்கும்."

ரத்தினம்மா சோற்றில் கை வைத்துப் பிசைந்தாள். உடைந்த கொப்புளத்தில் காரம் ஏறி உயிர் போயிற்று. முதல் உருண்டையைப் பிடித்து நிமிர்ந்தாள். ஆயிஷா இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டியபடி நின்றாள். நெற்றியில் ஒரு பொட்டு மருகூட இல்லாத, துடைத்துவைத்த மாதிரி முகம்.

ரத்தினம்மாவின் கண் தன் மணிக்கட்டுக்குப் போனது. அங்கே வளையலுக்கு அடியில், வேப்பிலையும் மஞ்சளும் காய்ந்து பச்சையாக ஒட்டியிருந்தது. தலைக்குக் குளித்த பிறகுதான் குழந்தைக்கு மறுபடி பூசினாள். முகத்தில், வாயோரத்தில், முத்துக்களின் மேல், இதே கையால்.

கை அந்தரத்தில் நின்றது.

"குடுங்க லா அக்கா" என்றாள் ருக்கையா சிரித்துக்கொண்டே.

இராமசாமி எழுந்து நின்றுவிட்டான். சொல்லிவிடாதே என்பதுபோல் தலையை ஆட்டினான். அவன் கண்கள் அவளைக் கெஞ்சின. அதை அவள் பார்த்தாள். ஆயிஷாவின் கையையும் பார்த்தாள்.

"தள்ளிப் போ" என்றாள் குழந்தையிடம். ஆயிஷா நகரவில்லை. மறுபடி சொன்னாள். "ருக்கையா, புள்ளையத் தூக்கிக்க. தள்ளிப் போ. யாரும் இதத் தொடாதீங்க. என் வீட்ல அம்மா எறங்கியிருக்கா. காய்ச்சல் கண்டு நாலு நாளாச்சு."

எங்கோ எருமை ஒன்று கத்தியது. ருக்கையா ஆயிஷாவை ஒரே இழுப்பாக இழுத்துத் தூக்கிக்கொண்டு பின்னோக்கி நடந்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. திரும்பி ஓடியபோது அவள் செருப்பு ஒன்று முற்றத்திலேயே கிடந்தது.

கத்தியது பூவம்மா. "பாவி! அம்மைய வெச்சுக்கிட்டு எங்க வாயில ஊட்டப் பாத்தியேடி! நானே இந்தக் கையால காயத் தொடச்சேனே!" முந்தானையால் கையைப் பரபரவென்று தேய்த்தாள். "ஏங்க, இங்க வாங்க, ஓடிப் போயி சொல்லுங்க!"

ரத்தினம்மா சட்டியைக் கவிழ்த்தாள். சிவந்த சோறு மண்ணில் கொட்டியது. ஜாடிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கவிழ்த்தாள். ஒரு வருஷத்துச் சாப்பாடு எண்ணெயாக ஓடிக் குழாயடிச் சாக்கடையில் இறங்கியது. இராமசாமி தடுக்கவில்லை. கதவுக்கு முன்னால் போய், கத்திப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஒரு மணி நேரத்தில் மூடுவண்டி வந்தது. துரையும் அவன் குமாஸ்தாவான ஒரு தமிழ்க் கிராணியும் மருதப்பனும் வந்தார்கள். பின்னால் இன்னொரு வண்டியில் ஊசிக்காரர்கள்.

"எந்திரிய்யா" என்றார் கிராணி.

இராமசாமி கத்திப் பிடியை விடவில்லை. "என் பொணத்தைத் தாண்டிப் போங்க."

"ஏமய்யா" என்றாள் ரத்தினம்மா பின்னாலிருந்து. குழந்தையைப் புடவையில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவளே வெளியே வந்திருந்தாள். "எந்திரி. நானும் போறேன்."

"உன்ன விடமாட்டாங்க. அப்பலசாமிய விட்டாங்களா?"

அவள் கிராணியிடம் திரும்பி, ரவிக்கைக் கையை ஏற்றித் தோளைக் காட்டினாள். கப்பல் ஏறுமுன் கூலி டிப்போவில் குத்திய ஊசித் தழும்பு இரண்டு, அரையணாக் காசு அளவுக்கு. "எனக்கு வராதுங்க. இவளத் தனியா அனுப்ப மாட்டேன். அங்க கழுவித் தொடைக்க ஆள் வேணுமில்ல? நான் எல்லாருக்கும் செய்யறேன்."

கிராணி துரையிடம் என்னவோ சொன்னார். துரை தழும்பைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு தலையசைத்தான். வண்டிக்குள் ஏறிக் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டாள். கதவு சாத்தியதும் உள்ளே இருட்டு. வெளியே இராமசாமியின் குரல் மட்டும் வண்டியோடு கொஞ்ச தூரம் ஓடிவந்தது.

கொட்டகையைப் பற்றி லயத்தில் பேசியதில் பாதி உண்மை. நீளமான கீற்றுக் கொட்டகை, பலகைக் கட்டில்கள், கார்பாலிக் மருந்தின் நெடி. முதல் வாரத்தில் மட்டும் ஏழு பேரை வெளியே தூக்கிப் போனார்கள். லயத்தில் யாரும் சொல்லாததும் இருந்தது. புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் ஒருத்தர், வயசான மலையாளி, குழந்தையின் வாயைத் தினமும் தானே துடைத்துவிட்டார். ரத்தினம்மா சொன்னபடி எல்லாருக்கும் செய்தாள். சீனக் கிழவனுக்கும் கழுவினாள், மலாய்ப் பெண்ணுக்கும் துடைத்தாள்.

அவள் பயந்தது கொட்டகைக்கு இல்லை. வெளியே வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்ப்பாள். இறக்குவது யாரை? ஆயிஷாவையா, கைக்குழந்தையையா? உருண்டையைக் கொடுக்கவில்லைதான். ஆனால் அதற்கு முன்னால் மூன்று நாள் அவள் குழாயடியில் தண்ணீர் பிடித்தாள், முகைதீன் கடையில் எண்ணெய் வாங்கினாள், அந்தப் பாப்பாவின் கன்னத்தைக்கூட ஒருதரம் கிள்ளினாள். ஒவ்வொரு வண்டிக்கும் அவளுக்கு உயிர் போய் வந்தது.

பன்னிரண்டாம் நாள் நூகாலுவின் இமை பிரிந்தது. வலது கண் அவளைப் பார்த்தது. இடது கண்ணில் பால் படர்ந்திருந்தது.

"மொளகா நெடியாலயா சாமி?" என்று டிரஸ்ஸரிடம் கேட்டாள்.

"இல்லை அம்மா. கண்ணுக்குள்ளேயே கொப்புளம் வந்திட்டுண்டு. இந்த நோயில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான்" என்றார் அவர்.

அவள் தலையாட்டினாள். மறுநாளும் அதையே கேட்டாள். அவரும் அதையே சொன்னார். பிறகு அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள், நம்பியதால் அல்ல.

பதினேழாம் நாள் வண்டியிலிருந்து இறக்கியது பூவம்மாவை.

முகம் கனன்று கிடந்தது. ரத்தினம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். பூவம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். "ருக்கையா புள்ளைங்களுக்கு ஒண்ணுமில்லடி" என்றாள் முதல் வார்த்தையாக. "அன்னிக்கே எல்லாருக்கும் குத்திட்டாங்க. யாருக்கும் வரல. நான்தான் வெறகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்."

"ஏன்க்கா அப்படிச் செஞ்சே?"

"ஊசின்னா பயம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "ரத்தினம், எனக்கு முன்னாடியே தெரியும். நீ வேப்பிலைய ஒடிச்சுக்கிட்டு வந்தப்பவே பாத்தேன். அவருகிட்டச் சொன்னா ஊசிக்காரன் வருவான்னு வாய மூடிக்கிட்டேன். ஆயிஷா கைய நீட்டறா, நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். ஒரு வார்த்த சொல்லல. நீ சொன்னே. அப்புறம் ஒன்னத்தான் திட்டினேன்."

ரத்தினம்மா அவள் தலைமுடியைப் பிரித்துவிட்டு, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள்.

இருபத்துநாலாம் நாள் நூகாலுவின் உடம்பில் கடைசிப் பொருக்கு உதிர்ந்தது. மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டி, புதுத்துணி கொடுத்து, போகலாம் என்றார்கள். வேலிக்கு வெளியே இராமசாமி நின்றான். தீவிலிருந்து திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. அறையில் இருந்ததை எல்லாம் எரித்துவிட்டார்கள். காளவாய்ப் பக்கம் ஒரு கொட்டிலில் தங்கியிருந்தான். மகளைத் தூக்கி, முகம் பூராவும் இருந்த குழிகளை விரலால் தடவினான். இடது கண்ணில் வந்து விரல் நின்றது. பெண்சாதியைப் பார்த்தான்.

"நீ சொன்னே, நான் கேக்கல" என்றான். "என்னாலதான்."

"இடிச்சது நான்." அவன் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தான். "இப்ப அதெல்லாம் பேசாதே. அவ பசிக்குதுன்னு சொன்னா. கூட்டிட்டுப் போ."

"நீ?"

"பூவம்மாக்கா உள்ள கெடக்கா. இன்னும் ஒரு வாரம் போனாத்தான் பொழைப்பாளா என்னன்னு தெரியும்னு டிரஸ்ஸர் சொல்றாரு. மருதப்பண்ணன உள்ள விடமாட்டாங்க. நான் இருந்துட்டு வர்றேன்."

"நம்மளத் திட்டினவளுக்கா?" என்றான் இராமசாமி. பிறகு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, "சாயந்தரம் வேலிகிட்ட வர்றேன்" என்று மட்டும் சொன்னான்.

அவள் கொட்டகைக்குள் திரும்பி வந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்ப் பெண்ணை அன்று காலையில்தான் தூக்கிப் போயிருந்தார்கள். வெறும் பலகையில் கார்பாலிக் தெளித்திருந்தது. பூவம்மா அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினாள்.

"போயிட்டேன்னு நெனச்சேன்" என்றாள்.

"போகல."

"பயமா இருக்குடி ரத்தினம்."

"எனக்கும்தான் இருக்கு" என்றாள் ரத்தினம்மா. "கொஞ்சம் தள்ளிப் படு. நானும் உக்காரணும்."